"காலை ஒன்பதுக்கு வாசலில் நிறுத்துகிறேன்" என்று பணம் வாங்குகிறார்கள்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கத்திலிருந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒன்பது பேருக்கு 40,500 ரூபாய் கொடுத்தோம். மதியம் 12.20-க்குத்தான் வாசலில் இறங்கினோம். மாலை ஆறு மணிக்குள் மூன்றே மூன்று விளையாட்டுகளில் ஏறிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறோம். பூங்காவின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏமாற்றியது எங்களை அழைத்துப் போன சுற்றுலா ஏஜென்ட்.

என் மகனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் போகலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் இதற்கென்று தனியாக எடுத்து வைத்தேன். எங்களுக்கு மே மாதம்தான் தோது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் அப்புறம் நாற்றங்கால், உழவு என்று வீட்டில் ஒருவரும் நகர முடியாது. நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர்.

பையன் அந்தப் பூங்காவின் வரைபடத்தை ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து, எந்த விளையாட்டுக்கு எப்போது போவது என்று எண்ணிட்டு வைத்திருந்தான். நான் முதலில் சிரித்தேன். அவன் உட்கார வைத்துக் கணக்குச் சொன்ன பிறகு எனக்கு அது சரியென்று பட்டது. ஒரு ரோலர் கோஸ்டரில் ஒரு தடவைக்கு 24 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒரு நடை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 480 பேர்தான் ஏற முடியும். கதவு திறந்ததும் போய் நின்றால் முன்னால் 60 பேர் இருப்பார்கள், எட்டு நிமிடத்தில் ஏறிவிடலாம். அதே இடத்துக்கு மதியம் போனால் முன்னால் 900 பேர், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். விளையாட்டு அதேதான், வேகமும் அதேதான். வந்து சேரும் கூட்டத்துக்கு மட்டும் அளவே இல்லை.

நாங்கள் கடைமடைக்காரர்கள். இதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மதகு விடுகிற தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். கல்லணையில் திறந்த தண்ணீருக்காக எத்தனை நாள் வரப்பில் நின்று பார்த்திருக்கிறோம்! வாழ்க்கையில் ஒரு நாளாவது தலைமடையில் நிற்கலாம் என்றுதான் அந்தக் காலை வேளைக்கு ஆசைப்பட்டோம்.

பையனின் திட்டம் எளிமையானது. சனி, ஞாயிறு வேண்டாம், புதன்கிழமை போக வேண்டும். பத்து மணிக்குக் கதவு திறக்கிறது என்றால் ஒன்பதேகாலுக்கே வாசலில் நிற்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கண்ணில் படும் முதல் ராட்டினத்தில் போய்த் தேங்குவார்கள். அங்கே நிற்காமல் நேராகப் பின்கோடிக்குப் போய்ப் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறிவிட வேண்டும். அடுத்து, ஒரு தடவைக்குக் குறைந்த பேர் மட்டும் ஏறும் விளையாட்டுகள். அவற்றில்தான் வரிசை சீக்கிரம் நீளும். சாப்பாடு பதினொன்றரைக்கே முடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டரைக்குப் பிறகு. தண்ணீர் விளையாட்டு பிற்பகலுக்கு. பருத்திப் புடவையோடும் ஜீன்ஸோடும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்பதைக்கூட விசாரித்து, எல்லோருக்கும் நைலான் துணியில் உடை எடுத்து வைத்தோம். தங்கையைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி அளந்து பார்த்தான். 126 சென்டிமீட்டர். 120 கேட்கிற விளையாட்டில் ஏறலாம், 140 கேட்கிறதில் முடியாது என்று நோட்டில் அவள் பெயருக்கு நேரே குறித்துவைத்து, அவள் அழாமல் இருக்க முன்கூட்டியே சொல்லியும் வைத்தான்.

இந்த நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டுதான் பஸ் நிலையத்துக்கு அருகில் இருக்கும் அந்த ஏஜென்டிடம் போனேன். சுவரில் மஞ்சள் நோட்டீஸ்: "முதல் வரிசை. காத்திருப்பு இல்லை." தலைக்கு 4,500 ரூபாய். அதில் 2,700 ரூபாய் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டுக்கு (நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வழியில் போய் ஏறுகிற டிக்கெட்), மீதி 1,800 வேனுக்கும் சாப்பாட்டுக்கும் என்று பிரித்துச் சொன்னார். இரவு பத்துக்கு வேன் கிளம்பும், ஐந்து மணிக்கு ஒரு லாட்ஜில் குளித்துக் கிளம்பலாம், ஒன்பது மணிக்கு வாசல்.

"நாள் புதன்தானே தம்பி? மாறாதே?"

"எல்லாம் பேசியாகிவிட்டது அக்கா. நீங்கள் கவலையே படாதீர்கள்."

பணம் முழுவதையும் கூகுள் பேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, போனில் வந்ததே போதும் அக்கா என்றார். அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன். வேனில் வேலை இருக்கிறது, சனிக்கிழமை போகலாம் என்றார். வேனில் ஒரு வேலையும் இல்லை. இருக்கைகள் நிரம்பவில்லை, அவ்வளவுதான். அது பிறகுதான் தெரிந்தது. பத்து மணிக்கு வர வேண்டிய வண்டி இரவு 1.40-க்கு வந்தது. அதுவரை வாசல் திண்ணையில் பையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு மட்டும் என்று சொன்ன வேன் திருவாரூரில் நின்று ஆறு பேரை ஏற்றியது. மயிலாடுதுறையில் நான்கு பேர், அவர்கள் வரும்வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். சிதம்பரம் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. லாட்ஜைப் பற்றிக் கேட்டதற்கு டிரைவர், "எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லையே அம்மா" என்றார். பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது.

புதுச்சேரியில் சிற்றுண்டிக்கு ஒரு மணி நேரம். மாமல்லபுரத்தில் மணி பதினொன்று. அங்கே பூங்காவுக்குப் போகாமல் ஒரு சங்கு, சிப்பி விற்கும் கடை வாசலில் வண்டி நின்றது. கடைக்காரர் எங்களை எண்ணிப் பார்த்து ஒரு சீட்டில் ஏதோ எழுதி டிரைவரிடம் கொடுத்ததை நானே பார்த்தேன். முக்கால் மணி நேரம் அங்கே போயிற்று. பையன் ஒன்றும் பேசவில்லை. நோட்டை எடுத்து முதல் நான்கு வரிகளைப் பென்சிலால் அடித்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தான்.

பூங்கா வாசலில் ஏஜென்டின் ஆள் ஒருவர் எங்களை நிழலில் நிறுத்திவிட்டுக் கவுன்ட்டருக்குப் போனார். முன்பதிவு செய்த டிக்கெட்டுக்குக் கவுன்ட்டரில் என்ன வேலை என்று கேட்டேன். பதில் இல்லை. 25 நிமிடம் கழித்து வந்து கையில் நீலக் காகிதப் பட்டை ஒட்டிவிட்டு, மாலை ஆறரைக்கு வேனுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

பின்கோடி ரோலர் கோஸ்டருக்கு ஓடினோம். இரண்டு வழிகள் இருந்தன. காலியாக இருந்த வழியில் பையன் நுழைந்ததும் அங்கே நின்ற பெண் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "ஃபாஸ்ட் டிராக்குக்கு ஆரஞ்சு பட்டை தம்பி. இது சாதாரண டிக்கெட். அந்தப் பக்கம் போங்கள்" என்று தன்மையாகத்தான் சொன்னாள். அந்தப் பக்கம் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஜனங்கள் மடிந்து மடிந்து நின்றார்கள். கம்பியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. முன்னால் நின்ற ஒரு குழந்தை தூங்கி அப்பாவின் தோளில் விழுந்து கிடந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம் நின்றோம். ஏறி இறங்கியது இரண்டு நிமிடம். பிறகு ஒரு ராட்டினம், ஒரு தண்ணீர்ச் சறுக்கு. அவ்வளவுதான் எங்கள் நாள்.

சாதாரண டிக்கெட்டின் விலை அன்று 1,500 ரூபாய் என்று கவுன்ட்டர் பலகையில் எழுதியிருந்தது. எங்களிடம் வாங்கியது 2,700. தலைக்கு 1,200 வீதம் ஒன்பது பேருக்கு 10,800 ரூபாய் அவர் பைக்குள் போயிருக்கிறது. அந்தப் பணத்தையாவது திரும்ப வாங்கிவிடலாம். போன காலை திரும்ப வராது. என் ஆத்திரம் முழுவதும் அதன் மேல்தான்.

ஒன்பது மணிக்கும் பன்னிரண்டரைக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். பூங்காவில் அந்த நேரம்தான் முழு நாளும். முதல் ஒன்றரை மணி நேரத்தில் நான்கு பெரிய விளையாட்டுகளை முடிக்கலாம். மதியத்துக்கு மேல் அதே நான்கிற்கு மாலை வரை நிற்க வேண்டும். வரிசையில்லாமல் ஏறுவதற்கு விலை வைத்து விற்கிறார்கள் என்றாலே அதன் மதிப்பு புரிய வேண்டும். டிஸ்னி பூங்காக்களில் 1999-இல் நேரம் குறித்துக் கொடுக்கும் சீட்டு வந்தபோது நுழைவு டிக்கெட்டோடு இலவசமாகத்தான் கொடுத்தார்கள். இப்போது அங்கேயும் அதற்குத் தனிக் காசு. ஆகவே வெளியாள் ஒருவர் ஃபாஸ்ட் டிராக் வாங்கித் தருகிறேன் என்றால், டிக்கெட்டை முன்னதாகவே உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஃபாஸ்ட் டிராக் என்று எழுதியிருக்கிறதா, தேதி சரியா, எத்தனை பேருக்கு என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அனுப்ப முடியாது என்று சொன்னால் டிக்கெட் எடுக்கவில்லை என்று அர்த்தம். அதைவிட நல்லது, பூங்காவின் சொந்த இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடுவது.

வேனும் தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன். மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்புகிறது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தவர்களுக்கு உழவன் இருக்கிறது. விடிகிற நேரத்தில் தாம்பரத்தில் இறங்கிக் கட்டண அறையில் குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு வாடகைக் காரில் போனால் ஒன்பது மணிக்குத் தாராளமாக வாசலில் நிற்கலாம். மே மாதத்துக்கு இடம் கிடைப்பது கடினம், முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிட வேண்டும். கட்டாயம் வேன்தான் என்றால் கிளம்பும் நேரம், சேரும் நேரம், வழியில் யாரையும் ஏற்றக் கூடாது, கடைகளில் நிறுத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணத்தை வாசலில் இறங்கிய பிறகு கொடுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே ஏஜென்டிடம் போனேன். "டிராபிக் அக்கா, என் கையில் இல்லை" என்றார். ஆரஞ்சு பட்டையைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. கடைசியில் 2,000 ரூபாய் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை. என் மாமியார், "வாங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும், வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இப்படி நடந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொன்ன சேவையைச் செய்யாதது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நான் பேசிவிட்டேன், தமிழிலேயே பதிந்துகொண்டு புகார் எண் கொடுத்தார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்டின் அலுவலகம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எங்களுக்குத் திருவாரூர். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய விவரம், அவர் அனுப்பிய செய்திகள், மஞ்சள் நோட்டீஸின் படம், கையில் ஒட்டிய அந்த நீலப் பட்டை, எல்லாம் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நோட்டில் பையன் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் எழுதி வைத்திருந்தது இப்போது உதவுகிறது.

ஏஜென்டின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடக்கிறது. ஆனால் அந்த மஞ்சள் நோட்டீஸ் இன்று காலையும் சுவரில் இருந்தது. தேதியை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமைக்கு ஏழு இடம்தான் பாக்கி என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். அந்த ஏழு இடத்துக்குப் பணம் கட்டப் போகிறவர் உங்கள் தெருவில் யாராவது இருந்தால் இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்.