சுங்கை சிப்புட்டில் ஒரு மூவெட் எழுத்து வகுப்பு: கட்டாயம் பார்க்க வேண்டியதும் திருத்த வேண்டியதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் ஆங்கில எழுத்து வகுப்பு இது. சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை. மாதம் 80 வெள்ளி (ரிங்கிட்). பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்து, பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வாகிய மூவெட் எழுதப் போகிறவர்களே வருகிறார்கள். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள்: ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி. காலப் பிழையும் எழுத்துப் பிழையும் திருத்தித் தரும் டியூசன் எங்கும் கிடைக்கும். பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரைக்குள் உட்கார்ந்திருக்கும் தமிழ்க் கட்டுரையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. இங்கே கிடைக்கிறார்.

மூவெட் எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம், 90 புள்ளி. முதல் கேள்வி மின்னஞ்சல் அல்லது கடிதம், குறைந்தது 100 சொல். இரண்டாவது கேள்வி கட்டுரை, குறைந்தது 250 சொல். இந்தக் கட்டுரையில்தான் நம் பிள்ளைகள் புள்ளியை இழக்கிறார்கள்.

‘மாணவர்கள் பகுதிநேர வேலை செய்யலாமா?’ என்ற தலைப்புக்கு இந்த வகுப்பில் எழுதப்பட்ட ஒரு தாள், தமிழில் சொன்னால் இப்படிப் போகிறது: “உழைப்பே உயர்வு தரும் என்பர் பெரியோர். மனிதன் தோன்றிய காலம் முதல் உழைத்தே வாழ்கிறான். உழைப்பில்லாத வாழ்வு உப்பில்லாத உணவு போன்றது. இன்றைய நவீன உலகில் பணத்தின் தேவை பெருகிவிட்டது.” வேலை செய்யலாமா கூடாதா என்ற பதில் கடைசிப் பத்தியில்தான் வருகிறது, அதுவும் ‘ஆகவே’ என்று தொடங்கி. ஆங்கிலத்தில் வாக்கியப் பிழை இரண்டே இரண்டு. ஆனால் திருத்துபவர் முதல் பத்தி முடிவதற்குள் பதிலைத் தேடுவார். கிடைக்காவிட்டால், இவருக்குச் சொந்தக் கருத்து இல்லை என்றே எடுத்துக்கொள்வார்.

அந்தப் பிள்ளை செய்தது தவறல்ல. கற்றதைச் சரியாகச் செய்தது. தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் மனனம் செய்து, முன்னுரையில் குறளோ பழமொழியோ வைத்து, முடிவுரையில் ‘வேண்டும்’ என்று அறிவுரை சொல்லி எழுதப் பழகியவர். இடைநிலைப்பள்ளியில் மலாய்க் கட்டுரை அதன் மேல் ஏறியது. ‘டெவாசா இனி’ (இக்காலத்தில்) என்று அங்கே தொடங்கிய கைதான் ஆங்கிலத்தில் ‘நவடேய்ஸ்’ என்று தொடங்குகிறது.

ஆசிரியர் கொடுக்கும் மருந்து எளிது. தாளில் உன் கருத்தைச் சொல்லும் ஒரே வாக்கியத்துக்கு அடிக்கோடு போடு. அது எத்தனையாவது வரி என்று எண்ணு. அதைக் கத்தரித்து முதல் பத்தியில் ஒட்டு. உண்மையாகவே கத்தரிக்கோலும் பசையும் மேசைமேல் இருக்கின்றன. ஒட்டிய பிறகு மற்றப் பத்திகளை எடுத்து, ஒவ்வொன்றின் முதல் வாக்கியமும் அந்தக் கருத்துக்கு ஒரு காரணமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணத்துக்குப் பின் ‘எப்படி?’ என்ற கேள்விக்குப் பதில், பிறகு ஓர் உதாரணம். ‘உப்பில்லாத உணவு’ இந்தச் சோதனையில் நிற்காது. உவமை அழகாக இருக்கலாம், ஆனால் எதையும் நிரூபிக்கவில்லை. தமிழில் ‘பெரியோர் சொன்னார்’ என்பதே சான்று. ஆங்கிலக் கட்டுரையில் அதற்கு அடுத்து ‘ஏன்?’ என்ற கேள்வி நிற்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கவே இரண்டு வாரம் செலவிடுகிறார். அது தகும்.

விடைத்தாள் ஓரத்தில் அவர் இடும் குறிகள்தான் இந்த வகுப்பின் சிறந்த பகுதி. ‘கூ.கூ.’ என்றால் கூறியது கூறல். ‘ம.வி.’ என்றால் மற்றொன்று விரித்தல். ‘செ.தே.’ என்றால் சென்று தேய்ந்து இறுதல், அதாவது வேகமாகத் தொடங்கிப் போகப் போகச் சத்திழந்து முடிவது. மூன்றும் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் உள்ளவை. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவரின் பட்டியல் இன்றைய மூவெட் தாளில் அப்படியே பொருந்துகிறது. தமிழ் அறியாத இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத்தான் இக்குறிகள் புரிவதில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு விளக்கத்தாள் வேண்டும்.

இவ்வளவு நல்ல குறிமுறை வைத்திருப்பவர், இரண்டாம் வாரத்தில் கொடுக்கும் தாளைக் கிழித்துப்போட வேண்டும். அதில் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் கப்லான் 1966இல் வெளியிட்ட கோட்டுப்படங்கள் உள்ளன: ஆங்கிலத்துக்கு நேர்கோடு, கிழக்கத்தியருக்குச் சுருள். கீழே ‘நாம் சுற்றி வளைத்துச் சிந்திப்பவர்கள்’ என்று ஒரு வரி. அந்தக் கட்டுரையில் ‘கிழக்கத்தியர்’ என்று அவர் குறித்தது சீனரையும் கொரியரையும். தமிழர் அதில் இல்லவே இல்லை. அவர் பார்த்தவை மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள், அவர்கள் தாய்மொழியில் எழுதியவை அல்ல. இரண்டாம் மொழியில் தடுமாறுபவரின் எழுத்தை வைத்து அவர் இனத்தின் சிந்தனையையே வரைந்துவிட முடியாது. பின்னாளில், மொழிகளின் எழுத்துமுறைகளை ஒப்பிடும் அத்துறையிலேயே இதைக் கடுமையாக மறுத்தார்கள். உல்லா கானர் போன்ற ஆய்வாளர்கள், எழுத்துமுறை வேறுபாடு பள்ளிப் பயிற்சி, எழுத்து வகை, வாசகரின் எதிர்பார்ப்பு ஆகியவற்றாலும் வருகிறது என்று அதை விரித்தார்கள். மற்றொன்று விரித்தலைக் குற்றம் என்று எழுதிவைத்த மொழியின் பிள்ளையிடம் ‘உன் மூளை சுருள்’ என்று சொல்வது பெரிய அநியாயம். பதினெட்டு வயதில் அதை நம்பிவிட்டால், திருத்தக்கூடிய பழக்கத்தைப் பிறவிக் குறை என்று சுமப்பார்கள்.

அச்சடித்த முன்னுரை வார்ப்பும் வேண்டாம். நான்கு பேர் ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறார்கள். பழமொழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மனனத்தை வைத்தால் என்ன பயன்?

மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு வகுப்புதான். போதாது. ‘நலம், நலமறிய ஆவல்’ பழக்கம் ஆங்கிலத்தில் நீண்ட நல விசாரிப்பாக வந்து, 100 சொல்லில் கால்வாசியைத் தின்றுவிடுகிறது. பிறகு கேட்ட விவரங்களில் ஒன்று விடுபடும். விசாரிப்பு ஒரு வரி, உடனே காரியம், கேட்ட ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுப் பார்த்தல்: இதை மூன்று வாரமாவது பழக்க வேண்டும்.

சேர்க்கிறவர்கள் முதல் நாள் பிள்ளை பள்ளியில் எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்றையும் மலாய்க் கட்டுரை ஒன்றையும் பையில் போட்டுக்கொடுங்கள். ஆசிரியர் முதலில் அவற்றைத்தான் கேட்டு வாங்கிப் படிக்கிறார்.