ஞாயிறு மாலை நான்கு மணி நேரம்: ஏசி அறையா, மாலா, மெரினாவா, மொட்டை மாடியா?

எங்கள் வீடு குரோம்பேட்டையில். நான், மனைவி, மகன், அம்மா என நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை என்ன செய்வது என்பதில் எப்போதும் நான்கு கட்சி. மகனுக்கு வேளச்சேரி மால், மனைவிக்கு மெரினா, எனக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு படம், அம்மாவுக்கு மொட்டை மாடி. இந்தக் கோடையில், இந்த நான்கில் எது எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெளியே போனால் மோசம், வீட்டில் இருந்தால் நல்லது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கணக்கு அப்படி வரவில்லை.

இதற்கு மூன்று எண்கள் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ. மின்சாரம் என்றால், மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் நாட்டில் யூனிட்டுக்கு 700 கிராமுக்குச் சற்று மேல். பாதிக்கு மேற்பட்ட மின்சாரம் இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால் அந்த அளவு. மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

என் கட்சியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஒன்றரை டன் ஏசி எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மீட்டர் பெட்டியைத் திறந்து, செல்போன் டார்ச் அடித்து, போடுவதற்கு முன்னும் அணைத்த பின்னும் ரீடிங் குறித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ், ஃபேன் போன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 24 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட். அதாவது மணிக்கு ஒரு யூனிட். அதே அறையில் 27 டிகிரி வைத்து, கூடவே ஃபேனும் ஓடவிட்டபோது ஏசிக்கு ஆறரை யூனிட்தான் ஆனது. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லிவருவது என் மீட்டரிலும் அப்படியே தெரிந்தது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் எல்லாம் 24 டிகிரியில் தொடங்கும்படி வருகின்றன, அதற்கும் இதுதான் காரணம். நாம்தான் ரிமோட்டை எடுத்து உடனே 20க்கு இறக்குகிறோம்.

சரி, நான்கு மணி நேர ஏசி, 2.8 கிலோ. டிவிக்கு இன்னொரு 300 கிராம் போடலாம். மொத்தம் 3 கிலோ சொச்சம், நான்கு பேர் ஒரே அறையில் இருந்தால் தலைக்கு முக்கால் கிலோ. ஆனால் எங்கள் வீட்டில் உண்மையில் நடப்பது வேறு. அரை மணி நேரத்தில் மகன் எழுந்து அவன் அறைக்குப் போய் அங்கே ஒரு ஏசியைப் போட்டுவிடுவான். அத்தோடு கணக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

படத்தை இணையத்தில் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. அரை மணி நேரம் வீடியோ பார்த்தால் 1.6 கிலோ கரியமில வாயு என்று சில வருடங்களுக்கு முன் ஒரு தகவல் உலகம் முழுக்கச் சுற்றியது. அது பிரான்சில் ஓர் ஆய்வுக் குழு சொன்ன எண், பிட்டையும் பைட்டையும் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) மாற்றிப் போட்டதால் எட்டு மடங்கு பெரிதாகிவிட்டது என்று பிறகு அவர்களே திருத்தினார்கள். சர்வதேச எரிசக்தி முகமை 2020இல் போட்ட கணக்கு, மணிக்குச் சராசரியாக 36 கிராம்தான். ஏசி ஒரு மணி நேரத்தில் விடுவதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ரீல்ஸ் பார்க்கிற பிள்ளையைத் திட்ட வேறு காரணங்கள் இருக்கலாம், கார்பன் அதில் வராது. அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டாலும் வருடத்துக்கு ஆறேழு கிலோதான் ஆகும், அதே போனைத் தயாரிக்கத்தான் 50 முதல் 80 கிலோ வரை ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போன் மாற்றுகிற பழக்கத்தைத்தான் பேச வேண்டும்.

அடுத்து மால். வேளச்சேரி போய்வர 20 கிலோமீட்டர். எங்கள் கார் சிக்னல் சிக்னலாக நின்று போனால் லிட்டருக்குப் பன்னிரண்டுதான் கொடுக்கிறது. 1.7 லிட்டர் பெட்ரோல், 3.9 கிலோ. உள்ளே போனபின் அந்தக் கட்டடத்தின் குளிர், எஸ்கலேட்டர், விளக்கு என்று நம் பங்கு ஒன்று தனியாக உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரியது சாப்பாடு. ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு 20 கிலோவுக்கு மேல், சில கணக்குகளில் 40 கிலோ வரை வருகிறது, கோழிக்கு அதில் கால்வாசி. ஆடு அசைபோடும்போது வெளிவிடும் மீத்தேன்தான் இதில் பெரும்பங்கு, அதைக் கரியமில வாயுவுக்கு ஈடாக மாற்றிச் சேர்த்த கணக்கு இது. நான்கு பேர் மட்டன் பிரியாணி சாப்பிட்டால், போய்வந்த பெட்ரோல் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால் மால் மீது மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை, அதே பிரியாணியை வீட்டுக்கு வரவழைத்தாலும் இதே கதைதான். பைக்கில் ஒருவர் ஐந்து கிலோமீட்டர் கொண்டுவந்து கொடுப்பதற்குக் கால் கிலோ, பொட்டலத்துக்குள் இருப்பதுதான் பெரிய எண். என்னைக் கேட்டால் நான்கில் கடைசி இடம் மாலுக்குத்தான்.

இப்போது மெரினா. காரில் போய்வந்தால் 40 கிலோமீட்டருக்கு மேல், மூன்றரை லிட்டர், 8 கிலோ. அதையே மின்சார ரயிலில் போனால்? குரோம்பேட்டையிலிருந்து பார்க் ஸ்டேஷன், அங்கே இறங்கி நடந்து பார்க் டவுன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, பிறகு கடற்கரைக்கு நடை. போகவர ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ரயில் பயணம். கூட்டமாக ஓடும் மின்சார ரயிலில் தலைக்குக் கிலோமீட்டருக்குப் பத்து கிராம் என்று வைத்துக்கொண்டாலும் ஒருவருக்கு அரை கிலோ, நான்கு பேருக்கு 2 கிலோ. இந்த இடத்தில் நான் நோட்டை மறுபடி மறுபடி பார்த்தேன். போகவர ஐம்பது கிலோமீட்டர் ரயிலேறி, அலையில் கால் நனைத்து, சுண்டல் சாப்பிட்டு, மலிவான டிக்கெட்டில் திரும்பி வருவது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் படம் பார்ப்பதைவிடக் குறைவு. பீச்–தாம்பரம் பாதையில் 1931இலேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் போட்ட பாதை இன்றைக்கும் சென்னையில் கார்பன் குறைந்த பொழுதுபோக்குக்கு வழியாக இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு பார்க் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்குவது கஷ்டம், முட்டி வலிக்கும். அவர் வருகிற நாளில் காரை எடுக்கிறோம். அப்போதும் நான்கு பேராகப் போவதால் தலைக்கு 2 கிலோ. நான் ஒருவனாக அதே காரில் போனால் எட்டும் என் தலையில்தான்.

மொட்டை மாடிக்கு என்ன கணக்கு இருக்கிறது, ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்று, ஒரு பெடஸ்டல் ஃபேன். நான்கு மணி நேரத்துக்குக் கால் யூனிட், 180 கிராம், நான்கு பேருக்கும் சேர்த்து. கடல் காற்று வந்துவிட்டால் ஃபேனும் வேண்டாம். ஏசி விடுவதில் பதினாறில் ஒரு பங்குதான் இது. மே மாதம் தளம் ஏழு மணி வரை கொதிக்கும், அதற்கு அம்மாவின் வழி, ஆறு மணிக்கு நான்கு வாளி தண்ணீர் தெளிப்பது. அரை மணியில் பாயை விரிக்கலாம்.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மாலை ஏழு மணி யூனிட்டும் பகல் ஒரு மணி யூனிட்டும் பில்லில் ஒன்றுதான், புகையில் ஒன்றில்லை. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றும். வெயில் இறங்கி, காற்றும் ஓய்ந்துவிட்டால் நெய்வேலி, மேட்டூர், வடசென்னை, தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள்தான் அதிகம் தாங்க வேண்டும். ஆகவே வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டாரையும் நாங்கள் மதியத்துக்கு மாற்றிவிட்டோம். இதில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

ஞாயிறு வாரத்தில் ஒரு நாள். வேலைக்குப் போகும் ஐந்து நாளையும் இதேபோல எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் அலுவலகம் கிண்டியில், போய்வர 24 கிலோமீட்டர். காரில் தனியாகப் போனால் 2 லிட்டர், 4.6 கிலோ. ஸ்கூட்டரில் 1.2 கிலோ. ரயிலில் கால் கிலோ. வீட்டிலிருந்து வேலை பார்த்தால், பயணமே இல்லை, பூஜ்யம் என்றுதான் யாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்காக மட்டும் ஓர் அறையில் எட்டு மணி நேரம் 24 டிகிரியில் ஏசி ஓடினால் 5.6 கிலோ. காரில் போய்வருவதைவிட அதிகம்! நான் போகாததால் அலுவலகத்தில் ஏசியை யாரும் நிறுத்தப்போவதில்லை, அது பாட்டுக்கு ஓடும். ஒரு தளம் முழுக்க ஒரே நாளில் வீட்டிலிருந்து வேலை பார்த்து, அந்தத் தளத்தைப் பூட்டினால்தான் அந்தப் பக்கம் மிச்சமாகும். அதே வேலையை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்தால், பழைய 75 வாட் ஃபேனாகவே இருந்தாலும், 420 கிராம். மின்சாரம் குறைவாக இழுக்கிற புதுவகை பிஎல்டிசி ஃபேன் என்றால் அதிலும் பாதிக்குக் குறைவு. இப்போது நான் மார்கழி, தை மாதங்களில்தான் வீட்டிலிருந்து வேலை கேட்கிறேன், சித்திரையில் ரயிலேறி அலுவலகம் போய்விடுகிறேன்.

ஏசியைப் பற்றி இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. போன வருடம் குளிர் வரவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தோம். வந்த தம்பி வெளியே இருக்கிற யூனிட்டின் வால்வைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு நிமிடம் சத்தம். மிச்சமிருந்த வாயு மொத்தமும் காற்றோடு போயிற்று. பிறகு "கேஸ் அடிச்சாச்சு சார்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். எங்கே கசிந்தது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பழைய ஏசியின் ஸ்டிக்கரில் ஆர்-410ஏ என்று போட்டிருக்கும். அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. கசிந்ததும் அன்றைக்குத் திறந்துவிட்டதும் சேர்ந்து ஒரு கிலோ என்று வைத்தால், அது 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். எங்கள் ஞாயிறு மாலை ஏசி மின்சாரம் எழுநூறு வாரத்துக்கு விடுவது அந்தச் சில மாதங்களில் போய்விட்டது. புது மாடல்களில் வருகிற ஆர்-32 இதில் மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் சும்மா இல்லை, 675 மடங்கு. அதனால் கேஸ் அடிக்கணும் என்று யாராவது சொன்னால், முதலில் லீக் எங்கே என்று சோப்பு நுரை வைத்தோ நைட்ரஜன் ஏற்றியோ பார்க்கச் சொல்லுங்கள், மிச்சமிருக்கிற வாயுவைச் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு வேக்கம் போட்டு, அதாவது குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து, எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் பணம் கேட்பார்கள், கொடுங்கள்.

கணக்கெல்லாம் முடித்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். 2012இல் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதேபோல மக்களின் நேரத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டபோது, பொழுதுபோக்கு நேரத்தைவிட, அன்றாடம் செய்தே தீர வேண்டிய காரியங்களின் நேரம்தான் பொதுவாக அதிகக் கார்பன் கொண்டது என்று கண்டார்கள். எங்கள் நோட்டிலும் அது தெரிந்தது. 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு நாற்பது நாள் வரும், எரிந்து முடிந்தால் 42 கிலோ, நாளுக்கு ஒரு கிலோ. அதை நான் அம்மா பக்கத்தில் எழுதியிருந்தேன், சமைப்பது பெரும்பாலும் அவர்தானே என்று. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் மனைவியின் பக்கத்தில். கூட்டிப் பார்த்தால், எங்கேயும் போகாத அம்மா ரயிலில் அலுவலகம் போய்வரும் என்னைவிட நான்கு மடங்கு மோசம் என்று வந்திருந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "நான் ஒருத்தியா சாப்பிடுறேன்?" என்று கேட்டார்.

நாடு முழுக்க 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அடுப்புக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதினால் எந்த வீட்டிலும் இப்படித்தான் பெண்கள் பக்கம் ஏறும். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கேஸையும் மெஷினையும் நான்காக வகுத்து நான்கு பெயரிலும் எழுதினேன். அம்மா பக்கத்தில் இப்போது கேஸில் கால் கிலோவும், மெஷின்களில் கால் பங்கும், அவர் அறை ஃபேனும், மாடி பல்பும் மட்டும் இருக்கின்றன. என் பக்கம் மேலே போயிருக்கிறது.