முழங்காலுக்குப் பின்னால் ஒரு ஊசி: ஒன்றரை வருட அனுபவம்

இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலியோடு இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அந்த முட்டி ஊசி உனக்குக் கேட்டதா?" அவர் கேட்டது எனக்குப் போட்ட அக்குபங்சர் ஊசியைப் பற்றி. போனில் சரியாகச் சொல்ல வரவில்லை.

வெய்ஜோங் என்பது அந்த ஊசி குத்தும் புள்ளி; சிறுநீர்ப்பைத் தடத்தின் 40-ஆவது புள்ளி என்பதால் யு.பி. 40 என்றும் சொல்வார்கள். முழங்கால் மடிப்பின் நட்டநடுவில், இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள பள்ளம். வலி இடுப்பில், ஊசி முட்டிக்குப் பின்னால். இடுப்புக்கும் முதுகுக்கும் இதுதான் தலைமைப் புள்ளி என்கிறது சீன மருத்துவம்.

குத்தும்போது பெரிதாக வலிப்பதில்லை. ஊசி கொஞ்சம் உள்ளே போனதும் கெண்டைக்கால் வழியாக உள்ளங்கால்வரை சுளீரென்று ஒன்று ஓடும், கால்விரல்கள் தானாக மடங்கும். காலுக்குப் போகும் பெரிய நரம்பும் ரத்தக்குழாயும் அங்கேதான் இருக்கின்றன; வீட்டில் நாமே குத்திப் பார்க்கிற இடமில்லை அது. அன்று மாலை வலது காலைத் தூக்கி மடியில் வைத்து சாக்ஸ் போட முடியும். இரண்டு மூன்று நாள் அந்தச் சுகம் நிற்கும். அதற்காகவே திரும்பத் திரும்பப் போனேன்.

ஆனால் அந்தக் குப்புறப் படுக்கை! இருபது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். எழும்போது இடுப்பு பூட்டிக்கொள்ளும். சில நாள் போனதைவிட மோசமாகத் திரும்பினேன். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் பாதி குறையும் என்று நான்காவது மாதத்தில் நானாகத்தான் கண்டுபிடித்தேன். புள்ளி நூல் பிசகக்கூடாது என்று அத்தனை முறை சொன்ன அக்குபங்சர்காரர், இதை ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஒரு ஜெர்மன் ஆய்வைப் படித்தேன். 2007-இல் வெளியானது, நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேர். ஆறு மாதம் கழித்துப் பலன் தெரிந்தவர்கள், முறையான புள்ளிகளில் குத்தியதில் 47.6 சதவீதம், புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி உதவுகிறது, சரி. இடம் அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறதே என்று நினைத்தபோது கோபம்தான் வந்தது. என் கால்விரல் மடங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டையும் இன்னும் சேர்த்துவைத்துப் பார்க்க முடியவில்லை.

நண்பரே, பாதம் தொங்கினாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஊசிப் பக்கமே போக வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, பத்து நிமிடம் குப்புறப் படுக்க முடியாத நிலையில் இருந்தால் இப்போதைக்கு இது வேண்டாம். நான் அப்படித் தொடங்கித்தான் முதல் மூன்று மாதத்தை வீணாக்கினேன்.