ஏ.எச்.எல். ஒப்பந்தமா, ஈ.சி.எச்.எல். ஒப்பந்தமா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் உச்ச லீக்கான என்.எச்.எல்.லுக்கு அடுத்த படி ஏ.எச்.எல்.; அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். இரண்டிலும் வீரர்கள் சார்பில் பேசுவது பி.எச்.பி.ஏ. என்ற ஒரே சங்கம்தான். சீசனுக்கு 72 ஆட்டம் என்பதும் பொது. மற்றபடி ஒப்பந்தங்களுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

சம்பளம்
ஏ.எச்.எல்.: சீசன் கணக்கு. ‘டூ-வே’ என்று கையெழுத்திட்டால் கீழே அனுப்பும்போது சம்பளமும் இறங்கும். அந்த வரியைப் படிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.
ஈ.சி.எச்.எல்.: வாரக் கணக்கு. அணிக்கு வாரச் சம்பள உச்சவரம்பு உண்டு. பேரம் பேச இடம் குறைவு.

வீடு
ஏ.எச்.எல்.: வாடகை பெரும்பாலும் உங்கள் தலையில்.
ஈ.சி.எச்.எல்.: அணியே தங்குமிடம் தரும். சம்பளத்தை ஒப்பிடும்போது இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேலை
வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆட்டம் இரண்டு லீக்கிலும் வரும். ஈ.சி.எச்.எல்.லில் இரவெல்லாம் பஸ். காயாத பேடுகளையே (பாதுகாப்புக் கவசங்களையே) மறுநாளும் மாட்ட வேண்டியிருக்கும்.

இடம்
ஏ.எச்.எல்.: ஆட்டத்துக்கு இறங்கும் 18 ஸ்கேட்டர்களில் (கோல்கீப்பர் அல்லாதவர்கள்) 13 பேர் ‘வளரும் வீரர்’, அதாவது தொழில்முறை ஆட்டங்கள் அதிகம் ஆடாதவர் ஆக இருக்க வேண்டும்.
ஈ.சி.எச்.எல்.: 260 தொழில்முறை ஆட்டம் தாண்டிய மூத்தவர்கள் நால்வர் மட்டுமே, கோல்கீப்பருக்கு விலக்கு.

அந்த 260 ஆட்டத்தை நெருங்கியவர் ஏ.எச்.எல். ஒப்பந்தத்துக்கு முயல்வதே நல்லது. கல்லூரி முடித்த புதியவர் ஈ.சி.எச்.எல்.லில் நிறைய நேரம் ஆடி, 25 ஆட்ட ‘ட்ரைஅவுட்’ (சோதனை) ஒப்பந்தத்தில் மேலே போகப் பார்க்கலாம்.