விசா காலம் கடந்தபின் திருமணம்: அங்கேயே விண்ணப்பிப்பதா, காரைக்குடி வந்து போவதா?

அமெரிக்காவில் விசா காலம் கடந்து தங்கிவிட்ட நம்மூர்ப் பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவரை மணந்தால், கிரீன் கார்டுக்கு இரண்டு வழிகள் உண்டு: அங்கிருந்தபடியே ஐ-485 படிவம் அளிப்பது, அல்லது ஊர் திரும்பி மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்துக் குடியேற்ற விசாவுடன் செல்வது.

விமான நிலையத்தில் முறையான சோதனை முடிந்து நுழைந்தவருக்கு முதல் வழியே ஏற்றது என்பேன். ஏனெனில் குடியுரிமை பெற்றவரின் துணைவருக்குக் காலம் கடந்து தங்கியதும், அனுமதியின்றி வேலை பார்த்ததும் பொதுவாகத் தடையாவதில்லை. துணைவரிடம் இருப்பது வெறும் கிரீன் கார்டு என்றால் இச்சலுகை கிடையாது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டுமே நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றிவிடாது. பயண முன்அனுமதி இல்லாமல் வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதுவார்கள்.

இரண்டாம் வழியின் சிக்கல் விமானம் ஏறியவுடன் தொடங்குகிறது. சட்டவிரோதமாகத் தங்கியது 180 நாட்களைத் தாண்டி ஓராண்டுக்குள் இருந்தால் 3 ஆண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேலானால் 10 ஆண்டும் மீண்டும் நுழையத் தடை. “வளவில் (பூர்வீக வீட்டில்) வைத்து இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்) எழுதிவிட்டுப் போகட்டும்” என்று ஆச்சி அழைப்பது நியாயமே. ஆனால் அந்த ஒரு வாரப் பயணம் பத்தாண்டுப் பிரிவாகிவிடலாம். சோதனையின்றி நுழைந்தவருக்குப் பெரும்பாலும் இந்த வழிதான் மிஞ்சும். அவர் புறப்படுமுன் ஐ-601ஏ படிவத்தில் இத்தடையிலிருந்து விலக்கு கோரி, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள துணைவர் அல்லது பெற்றோர் கடும் இன்னலுக்கு ஆளாவார் என நிறுவ வேண்டும்.

மணமாகி இரண்டாண்டு நிறையாதவருக்கு எவ்வழியிலும் முதலில் கிடைப்பது 2 ஆண்டு நிபந்தனைக் கார்டே.