மறைந்த வரப்பைத் தேட எந்தப் படம்?

இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரே விரிப்பாகக் கிடக்கும் கோதுமை வயலுக்கு அடியில் இரண்டு அடுக்கு எல்லைகள் புதைந்திருக்கலாம். மேலடுக்கில், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது வயல்களைப் பங்குபோட்டு அடைத்தபோது நட்ட உயிர்வேலிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பெரிய இயந்திரங்கள் திரும்ப இடமில்லை என்று பிடுங்கி எறிந்தவை. அதற்கும் கீழே, இடைக்கால உழவர்கள் நீள நீளமாகப் பிரித்து உழுத பட்டைகள்.

தேடுகிறவர் கையில் மூன்று வகைப் படங்கள் உண்டு. விமானத்திலிருந்து லேசரால் தரையை அளக்கும் லைடார், வறட்சிக் கோடையில் மேலிருந்து எடுத்த படம், 1940களில் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இப்போது எல்லாரும் முதலில் திறப்பது லைடாரைத்தான். உழுத நிலம் என்றால் நான் அதைக் கடைசியில்தான் திறப்பேன்.

காரணம் எளிது. லைடாருக்குத் தெரிவது மேடுபள்ளம் மட்டுமே. மேய்ச்சல் நிலத்திலும் காட்டுக்குள்ளும் அதை மிஞ்ச ஆளில்லை. லேசர் துடிப்புகளில் சில இலைகளுக்கு இடையே புகுந்து தரையைத் தொட்டுத் திரும்புவதால், மரங்களைக் கழித்துவிட்டு நிலத்தை மட்டும் பார்க்கலாம். ஒரு மீட்டர் இடைவெளித் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. பழைய உழவு மேடுகள் தலைகீழ் ‘எஸ்’ போல வளைந்து கிடப்பது அதில் அழகாகத் தெரியும். நீளமான எருதுப் பூட்டைப் பட்டையின் கோடியில் சட்டென்று திருப்ப முடியாது, முன்கூட்டியே வளைக்க வேண்டும். அந்த வளைவு பல நூற்றாண்டுகளாக மண்ணில் நிற்கிறது. ஆனால் ஆண்டுதோறும் ஆழ உழுது மட்டமாக்கிய நிலத்தில் லைடார் கையை விரித்துவிடும். இன்னொரு பொறியும் உண்டு: நிழல் காட்டும் படத்தில் ஒளி வடமேற்கிலிருந்து விழுவதாக வைத்திருந்தால், அதே திசையில் ஓடும் வரப்புக்கு நிழலே விழாது. ஒளியின் திசையை மாற்றிப் போட்டால் அதுவரை கண்ணில் படாத அந்த வரப்பு எழுந்து நிற்கும்.

மட்டமான நிலத்தில் பேசுவது பயிர்தான். மண்மூடிய பழைய பள்ளத்தில் ஈரம் தங்கும். சுற்றிலும் பார்லி வெளுத்த பிறகும் அந்தக் கோட்டில் மட்டும் பச்சை நிற்கும். கல்சுவர் புதைந்திருந்தால் நேர்மாறு, அங்கே பயிர் முதலில் காயும். 1976, 2018 கோடைகள் இதற்குப் பெயர்போனவை. 2018 கோடைப் படம் கூகுள் எர்த்தில் பல இடங்களுக்குக் கிடைக்கிறது. சுண்ணாம்புப் பாறை, சரளை மீதுள்ள நிலம் என்றால் நல்ல வேட்டை. களிமண் என்றால் பெரும்பாலும் ஏமாற்றம். அதோடு, கோடெல்லாம் வரப்பல்ல. ஒரு முறை சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ‘ரோமானிய எல்லை’ என்று நான் வரைந்து முடித்தது எரிவாயுக் குழாய் புதைத்த தடம். அடுத்த மூன்று வயல்களையும் அதே நேர்கோட்டில் தாண்டியபோதுதான் உறைத்தது.

விமானப்படைப் படங்களின் அருமை வேறு. 1946 தொடங்கிச் சில ஆண்டுகளில் நாட்டை ஏறத்தாழ 1:10,000 அளவில் படமெடுத்தார்கள். வேலிகள் பெருமளவில் பிடுங்கப்படுவதற்கு முந்தைய நிலம் அதில் இருக்கிறது. மற்ற இரண்டிலும் இழந்ததன் தடயத்தை ஊகிக்கிறோம்; இதில் பொருளையே பார்க்கிறோம். அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று படிவதால், இரண்டைப் பக்கத்தில் வைத்து ஸ்டீரியோ கண்ணாடி வழியாகப் பார்த்தால் வேலி சுவர்போல எழும். அருகில் உழவு மேடுகளும் மெல்லப் புடைத்துத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்த சுருள் மாட்டினால் மட்டும் எல்லாம் தட்டையாகக் கிடக்கும், திட்டிக்கொண்டே அடுத்த சுருளைத் தேட வேண்டியதுதான்.

களிமண் உழவு நிலத்துக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. அதிலும் வேலி நேராக ஓடுகிறதா, வளைகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அளவையாளர் காகிதத்தில் கோடு கிழித்து நட்ட வேலி நேராக இருக்கும். லேசாக ‘எஸ்’ வளைவு இருந்தால், அதை நட்டவர்கள் ஏற்கெனவே அங்கே கிடந்த எருது உழவின் விளிம்பையே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பிடுங்கப்பட்ட வேலி ஒன்றுதான், எல்லை இரண்டு காலத்துடையது.