ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியா: 400 கிலோவோல்ட் வழித்தடக் கணக்கு

மூன்று ஃபேஸ்களும் (மாறுமின்சாரத்தைச் சுமக்கும் மூன்று தடங்கள்) 11 மீட்டர் இடைவெளியில் ஒரே கிடைமட்டத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெருக்குச் சராசரித் தொலைவு (11, 11, 22 ஆகிய மூன்று இடைவெளிகளின் பெருக்கற்பலனுக்குக் கனமூலம்) 11 × 1.26 = 13.86 மீட்டர். இந்த 1.26 விடுபட்டால் பின்னால் வரும் எல்லாமே தவறும். கம்பி, 31.77 மி.மீ. விட்டமுள்ள மூஸ் (எஃகு மையத்தைச் சுற்றி அலுமினிய இழைகள் முறுக்கிய கம்பி வகை).

ஃபேஸுக்கு ஒரே கம்பி என்றால், 54 அலுமினிய இழைகளுக்கான சராசரி ஆரம் (தூண்டக் கணக்கில் போடும் சமான ஆரம்) வெளி ஆரத்தில் 0.81 பங்கு: 12.87 மி.மீ. தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) 0.2 × இயல் மடக்கை (13860/12.87) = கி.மீ.க்கு 1.40 மில்லிஹென்றி, 50 ஹெர்ட்ஸில் எதிர்வினை (மாறுமின்னோட்டத்துக்கு அந்தத் தூண்டம் தரும் தடை) 0.44 ஓம்.

450 மி.மீ. இடைவெளியில் இரட்டைக் கம்பி போட்டால் அந்த ஆரம் √(12.87 × 450) = 76.1 மி.மீ. ஆகிறது. எதிர்வினை 0.33 ஓமுக்கு இறங்குகிறது. மின்தடை சரிபாதி.

பலர் சறுக்குவது கொள்திறனில்தான், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் அளவில். மின்னூட்டம் கம்பியின் மேற்பரப்பில் தங்குவதால் அங்கே 12.87 அல்ல, வெளி ஆரமான 15.89 மி.மீ.யையே போட வேண்டும். கி.மீ.க்கு ஒற்றைக்கு 8.2, இரட்டைக்கு 10.9 நானோஃபாரட். மாற்றிப் போட்டால் ஒற்றைக் கம்பியில் விடை 3 சதவீதம் குறையும். அந்த அளவு பிழை கண்ணில் படாது, அதனால்தான் ஆபத்து.

இயல்புச் சுமை (தூண்டம் உறிஞ்சும் எதிர்வினைத் திறனும் கொள்திறன் தருவதும் சமமாகும் சுமை) 390 மெகாவாட்டிலிருந்து ஏறத்தாழ 520க்கு உயர்கிறது. ஸ்பேசர்களும் (இரு கம்பிகளையும் விலக்கி நிறுத்தும் பிடிகள்) கனமான கோபுரமும் கூடுதல் செலவுதான். ஆனாலும் 400 கிலோவோல்ட்டில் ஒற்றை மூஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்: மேற்பரப்பு மின்புலம் கூடி, மழை நாளில் கொரோனா (கம்பியைச் சுற்றிய காற்றில் மின்கசிவு) இழப்பும் இரைச்சலும் எகிறிவிடும்.